மோட்டாருக்குப் பேதி மருந்து

ஐயம்பெருமாள் பிள்ளையின் மோட்டார் வண்டிக்குப் பேதிக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று 1913-ஆம் வருஷம் மாசி மாதத்தில் தச்சநல்லூரே இரண்டு பட்டுக் கிடந்தது. மோட்டாரைக் கண்ணால் பார்த்தவன், அதன் புகையை மட்டும் மோந்தவன், அது என்னவென்றே தெரியாதவன் என்று ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருந்தார்கள். கடைசி வகைக்காரர்கள்தான் ரொம்ப உறுதியாகப் பேசினார்கள். கருத்தே இல்லாத ஆள் ஊரில் யாரும் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன் அந்த வண்டியை ஓட்டிய ஞானையா. அவன் பாளையங்கோட்டைக்காரன், மிஷன் சபை உபதேசியார் மகன், வயது முப்பத்திரண்டு. ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரம்பித்து வைத்தது சாத்தான்குளம் பயணம். பிள்ளையின் மகள் நீலாம்பாளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வளைகாப்பு வைத்திருந்தது. "நாங்கள் மோட்டாரிலேயே வந்துவிடுகிறோம், ஆழ்வார்திருநகரி வழியாக வருவோம், வழியில் யாரும் மாட்டை அவிழ்த்துவிட வேண்டாம்" என்று பிள்ளை சம்பந்திக்குக் கடிதமே போட்டுவிட்டார். கடிதம் போன மறுநாள் மோட்டார் கோயில் முக்கில் நின்று இருமியது. நாலு தடவை இருமி, தெருவையே மறைக்கிற மாதிரி கரும்புகை விட்டு, செத்ததுபோல் நின்றுவிட்டது. பிள்ளையை உள்ளே உட்காரவைத்தபடியே ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்தார்கள். இறங்கி நடக்கலாமே என்று யாரோ சொன்னதற்குப் பிள்ளை, "மோட்டார் வச்சிருக்கவன் நடப்பானாலே?" என்று சீறினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய மைத்துனர் சிவசண்முகம் பிள்ளை வந்தார். திருநெல்வேலியில் வக்கீல். எதை எடுத்தாலும் புஸ்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிற பிறவி. வண்டிக்குள் ஏறி அங்கே இங்கே துழாவியவர், பின்சீட்டு மெத்தை நாருக்கு அடியிலிருந்து அழுக்கேறிய சின்ன இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்றை உருவி எடுத்தார்.

"அத்தான், வண்டியோட வந்த புஸ்தகம் இங்கனதான் கிடக்கு. இதைப் போயி எவன் நாருக்குள்ள சொருகி வச்சான்?"

எவன் சொருகி வைப்பான்? ஞானையாதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவன் படித்த இங்கிலீஷ் அந்தப் புஸ்தகத்தைப் படிக்கப் போதுமானது. படித்த அன்றைக்கே அதை ஒளித்துவிட்டான்.

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். "கேட்டுக்கிடுங்க. இத்தனை மைல் ஓடினா இஞ்சினுக்கு அடியில இருக்க பழைய எண்ணெயைப் பூராவும் இறக்கிரணும். அப்புறம் சீமெண்ணெயை ஊத்தி, நாலு நிமிஷம் இஞ்சினைச் சும்மா ஓடவிடணும். உள்ளே இருக்க கசடெல்லாம் கரையும். அதையும் இறக்கிட்டுப் புது எண்ணெய் ஊத்தணும். மூணு வருசமா இதைச் செய்யவே இல்லையா?"

பிள்ளை ஞானையாவைப் பார்த்தார். ஞானையா வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வயித்தக் கழுவச் சொல்லியிருக்கானா?"

அது பிரம்மநாயகி அம்மாள், பிள்ளையின் சம்சாரம். அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் பேதிக்குக் கொடுக்கிறது அவளுடைய சட்டம். பிள்ளையில் ஆரம்பித்து, கணக்கப்பிள்ளை, சமையல்காரி, தொழுவத்துக் கன்றுக்குட்டி வரை யாரும் தப்ப முடியாது. முன்தினம் ராத்திரி அரைவயிறு, விடிந்ததும் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய், அப்புறம் சுடுதண்ணீர், எல்லாம் கழிந்து நின்ற பிறகு மோரும் ரசச் சோறும். பேதி நிற்காமல் போனால் மோர் கொஞ்சம் கூடுதல். இந்த முறையில் இம்மி பிசகக்கூடாது. சளி பிடித்தாலும் கோர்ட்டில் வழக்குத் தோற்றாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "வயிறு சுத்தமா இருக்கா?" என்பதுதான்.

அப்படிப்பட்டவளுக்கு இந்தப் புஸ்தகம் கிடைத்தால் விடுவாளா?

"வெள்ளைக்காரனுக்கும் புத்தி இருக்கு பாத்தீங்களா!" என்று வெளியே வந்தாள். "ஏலே ஞானையா, மூணு வருசமா அதுக்கு ஒரு பேதி கிடையாதாலே? மனுசனா இருந்தா செத்தே போயிருப்பான்."

ஞானையா குறுக்கே வந்தான். "அம்மா, அது புது வண்டிக்குச் சொன்னது. இது பழைய வண்டி. உள்ளுக்குள்ள அழுக்கு ஏறி ஏறி இடுக்கெல்லாம் கெட்டியா அடைச்சிட்டு நிக்கி. அதைக் கரைச்சுட்டா தேஞ்ச இடம் பூரா வாயத் திறந்திரும். எண்ணெ அங்கனயும் இங்கனயும் ஒழுக ஆரம்பிச்சுரும். இப்ப அந்த அழுக்குதாம்மா அதுக்கு உடம்பு. கொழும்புல பெரிய பெரிய மேஸ்திரிமாரெல்லாம் பழைய வண்டியில கை வைக்கவே மாட்டாவ."

"ஐயாவும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா இதையேதான் சொல்லுதாவ" என்றாள் பிரம்மநாயகி. "உடம்புல இருக்கது இருந்துட்டுப் போட்டும்னு. நான் விட்டிருக்கேனா?"

பிள்ளை மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

ஞானையா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொழும்பில் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் அவன் அதற்காகச் சொல்லவில்லை. அவன் பயந்தது அழுக்குக்காக இல்லை, ஒரு விரிசலுக்காக.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது இந்த வண்டியை விற்க வைத்திருந்தான். வண்டியைப் பார்த்துச் சொல்ல விவரமான ஆள் வேண்டும் என்று பிள்ளை தேடியபோது ஞானையா போய் நின்றான். ஆறு வருஷம் கொழும்பில் ஒரு மோட்டார் பட்டறையில் கிடந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஆறு வருஷம் அவன் அக்கரையில், பெண்டாட்டி கெசியா இக்கரையில். அவள் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. திருநெல்வேலிச் சீமையில் அன்றைக்கு மோட்டார் வண்டியைத் தேடி எண்ண ஒரு கை விரல் போதும். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டியதுதான்.

துரை பங்களாவில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். இஞ்சினின் அடிச்சட்டியில், எண்ணெய் நிற்கிற இடத்தில், நாலு விரல் நீளத்துக்கு விரிசல். சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. "எப்படிலே இருக்கு?" என்று மேலேயிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அப்படி ஓர் ஆசை. ஞானையாவுக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. "நல்ல வண்டிங்கய்யா, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று சொல்லிவிட்டான். பிள்ளை வண்டியையும் வாங்கினார், கையோடு அவனையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அன்று முதல் மாதம் ஒரு சனிக்கிழமை, வீடே எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கிறங்கிக் கிடக்கிற மத்தியானத்தில், ஞானையா வண்டிக்கு அடியில் பைய நுழைவான். தூத்துக்குடிக் கரையில் தோணிக்காரர்கள் பலகை இடுக்கை அடைப்பதைப் பார்த்திருக்கிறான். அதே மாதிரி குங்கிலியப் பிசினைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி, பஞ்சில் தோய்த்து, விரிசலுக்குள் திணிப்பான். தோணிக்குத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, இதற்கு எண்ணெய் வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சீமெண்ணெய் பட்டால் குங்கிலியம் கரைந்துவிடும். கரைந்தால் விரிசல் தெரியும். விரிசல் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் கொழும்பு.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கெசியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். மூன்று வருஷமாக அவளிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய் சொல்லியா வேலைக்குச் சேந்தீங்க?"

"ஏளா, ஒன்னோட இருக்கணும்னுதான்…"

"என்னைச் சாக்குச் சொல்லாதிங்க. நாளைக்கே போயிப் பிள்ளையவாளிடம் உள்ளதைச் சொல்லிருங்க."

"சொன்னா வேலை போயிரும் கெசியா. கொழும்புக்குத்தான் போவணும்."

"போங்க. ஆறு வருசம் நீங்க இல்லாம நான் செத்தா போனேன்? பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப்படாதுன்னு சொல்லிக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து பொய்யில வந்த சோத்தத் திங்கச் சொல்லுதீங்களா?"

கட்டின பெண்டாட்டி இப்படிச் சொல்லிவிட்டாளே என்று ஞானையாவுக்குக் கோபம் வந்தது. ஒரு பேச்சுக்காவது போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். கோபத்தில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கோபத்தில் உதிக்கிற யோசனை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

மறுநாள் காலையில் தில்லைநாயகம் வைத்தியரைப் போய்ப் பார்த்தான். அந்த வட்டாரத்தில் பேதி மருந்து விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பிரம்மநாயகி அம்மாளே அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டாள்.

"வைத்தியரய்யா, தள்ளாத வயசுல இருக்கவங்களுக்குப் பேதிக்குக் குடுக்கலாமா?"

"எவன் குடுப்பான்? உசிரு கழிஞ்சிருமே!"

"அதை எங்க வீட்டம்மாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அவங்க ஒரு கிழட்டு ஆத்மாவுக்குக் குடுக்கப் போறாங்க."

பதறியடித்துக்கொண்டு வந்த வைத்தியர், கிழட்டு ஆத்மா என்பது மோட்டார் வண்டி என்று தெரிந்ததும் கொஞ்சம் திகைத்தார். ஆனாலும் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் எனக்கு இது தெரியாது என்று சொல்லுகிற வைத்தியர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவர் இஞ்சின் மூடியின் மேல் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். வெயிலில் நின்ற இரும்பு. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சூடு அதிகமா இருக்கு" என்றார். "நம்ம ஞானையா சொல்லுதது வாஸ்தவம். முதிர்ந்த தேகத்துல பேதி ஆகாது. கசடுதான் அந்தக் காலத்துல பலம். சரி, வயசு என்ன?"

ஞானையா வாயைத் திறப்பதற்குள் வக்கீல் முந்திக்கொண்டார். குனிந்து வண்டியில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைப் படித்தார். "ஆயிரத்துத் தொளாயிரத்து நாலு. ஒம்பது நடக்கு."

"ஒம்பதா?" வைத்தியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட போப்பா! ஒம்பது வயசு பச்சப் புள்ளல்லா? இந்த வயசுலதான் பூச்சி இருக்கும். தாராளமாக் குடுங்க. ஒரு பங்குக்கு ரெண்டு பங்காவே குடுங்க!"

ஞானையாவுக்கு அந்தப் பித்தளைத் தகட்டைப் பிடுங்கி வக்கீல் தலையில் போட வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பிரம்மநாயகி அம்மாள் நாள் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் ஞானையா பாட்டுக்கு எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தான், ஜெபத்துக்கு முழங்கால் போட வேண்டிய இடத்தில் எழுந்து நின்றான்.

திங்கட்கிழமை விடிந்தது. வீட்டு முற்றத்தில் வண்டியைச் சுற்றி முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். வண்டிக்குத் திருநீறு பூசியிருந்தது. ஞானையா அடியில் படுத்துத் அடிச்சட்டித் திருகாணியைக் கழற்றி, பழைய எண்ணெயைச் சட்டியில் பிடித்தான். கருப்பட்டிப் பாகுபோல் கருகருவென்று இறங்கியது. கூட்டம் "அடேயப்பா" என்றது. "உள்ள எப்படி இருந்திருக்கு பாருங்க" என்று பிரம்மநாயகி அம்மாள் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ அவர் வயிற்றிலிருந்தே வந்ததுபோல.

திருகாணியை மாட்டிவிட்டு, சீமெண்ணெயை ஊற்றி, ஞானையா முன்னால் வந்து கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினான். கிளம்பவில்லை. மறுபடி சுழற்றினான். வேர்த்துக் கொட்டச் சுழற்றினான். இருமல்கூட இல்லை. கர்த்தர் நம் பக்கம் இருக்கிறார் என்று அவனுக்கு ஒரு கணம் நம்பிக்கையே வந்துவிட்டது. பிறகு சந்தேகப்பட்டுப் பெட்ரோல் தொட்டியைத் திறந்து பார்த்தான். சுத்தமாகக் காலி.

"அம்மா, பெட்ரோலு எங்க?"

"நேத்து சாயங்காலமே ஆள விட்டு இறக்கியாச்சு" என்றாள் பிரம்மநாயகி அம்மாள். "வெறும் வயித்துலதானலே குடுக்கணும்? இதுகூடவா தெரியாது?"

"வெறும் வயித்துல இது ஓடாதும்மா. ஓடினாத்தான் உள்ள கரையும்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வைத்தியரைப் பார்த்தாள். வைத்தியர் ரொம்ப யோசித்து, "சொல்பமா ஆகாரம் குடுக்கலாம்" என்றார். அரைப்படி பெட்ரோலுக்கு அனுமதி கிடைத்தது.

அடுத்த சுழற்றலில் வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றால் அப்படி இப்படி இல்லை. இருமல் இல்லை, திணறல் இல்லை, கடகடவென்று ஒரே சீராக ஓடியது. மூன்று வருஷத்தில் அந்த இஞ்சின் அப்படி ஓடி ஞானையாவே கேட்டதில்லை. பிள்ளை சின்னப் பையனைப்போலக் கைதட்டினார். வக்கீல் புஸ்தகத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஞானையாவும் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து, ஆகா என்று நின்றான்.

அப்புறம் சொட்டியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பிறகு குங்கிலியமும் பஞ்சும் ஒரு கட்டியாகப் பொத்தென்று மண்ணில் விழுந்தது. அதற்குப் பின்னாலேயே சீமெண்ணெய் சர்ரென்று ஊற்றியது. ஞானையா பாய்ந்து இஞ்சினை நிறுத்தினான்.

"ஆவுது! நல்லா ஆவுது!" என்று பிரம்மநாயகி அம்மாள் பூரித்துப் போனாள்.

சீமெண்ணெய் போனதும் புது எண்ணெய் ஊற்றினான். அதுவும் போய்விட்டது. இன்னும் ஊற்றினான், அதுவும் தங்கவில்லை. பிரம்மநாயகி அம்மாளின் முகத்தில் சந்தோஷம் குறைந்தது. "நிக்கலியே" என்றாள். "ஏட்டி மாரித்தாய், மோர எடுத்துட்டு வா!" என்று சமையல்காரியை விரட்டினாள். வேண்டாம் அம்மா என்று ஞானையா கத்துவதற்குள் ஒரு செம்பு மோர் எண்ணெய் ஊற்றுகிற வாயில் இறங்கிவிட்டது. இரண்டு கடுகும் ஒரு கறிவேப்பிலையும் வாயிலேயே தங்கின. கீழே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டை தேங்கியது.

பிள்ளை மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, தொப்பையைத் தரையில் தேய்த்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஞானையாவும் மறுபக்கமாக நுழைந்தான். மோரிலும் எண்ணெயிலும் இரண்டு பேரும் அருகருகே மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த விரிசலைப் பார்த்தார்கள்.

"இது எப்பலே விழுந்துது?" என்று பிள்ளை ரகசியமாகக் கேட்டார்.

ஞானையாவுக்கு அழுகை முட்டியது. "வாங்கும்போதே இருந்துச்சுய்யா. எனக்குத் தெரியும். வேலைக்காகப் பொய் சொல்லிட்டேன். மூணு வருசமா அடைச்சு அடைச்சு ஓட்டுதேன். என்னைய மன்னிச்சிருங்க."

ஒரு சொட்டு பிள்ளையின் மூக்கில் விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

"ஒனக்கு முந்தி ரெண்டு பேரு வந்து பாத்தானுவலே" என்றார். "ரெண்டு பேருமே வாங்காதீங்கன்னானுவ. ஒருத்தன் இந்த விரிசலைக் கையப் பிடிச்சு எனக்குக் காட்டவே செஞ்சான். எனக்குத் தூக்கமே வரலை. வாங்கலாம்னு சொல்லுத ஒரு ஆளு கிடைக்கானான்னு தேடினேன். நீதான் கிடைச்சே."

ஞானையா திரும்பி அவரைப் பார்த்தான். மூன்று வருஷம் அவன் சோற்றில் மண்ணாகக் கிடந்த பொய். அதை விலை கொடுத்து வாங்கியவருக்கு முதல் நாளே தெரியும்! சிரிப்பதா, அவர் கழுத்தைப் பிடிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஆனா ஒன்னு" என்று பிள்ளை இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "மூணு பேரு நல்லதுன்னு சொன்னாத்தான் வாங்கணும்னு வீட்டுல இவ எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. மூணு பேரும் சொன்னதா நான் சொல்லிட்டேன். அவளுக்கு இது தெரியப்படாது. வெளிய போயி, சீமெண்ணெ பட்டுச் சட்டி இப்பத்தான் வெடிச்சுதுன்னு சொல்லிரு. ஒன் வேலை எங்கயும் போவாது."

ஞானையாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கொழும்பு இல்லை, கப்பல் இல்லை. ஒரே ஒரு பொய். அதுவும் முதலாளியே கேட்டு வாங்குகிற பொய். சரிய்யா என்று தலையாட்டிக்கொண்டு வெளியே ஊர்ந்தான்.

வெளியே பிரம்மநாயகி அம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் காலிச் செம்பு. அவள் அழுவதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இப்போது முப்பது பேருக்கு முன்னால் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"நாந்தான் கெடுத்துட்டேன்" என்றாள். "ஆசை ஆசையா வாங்கினாவ. ஒருநாளும் எங்கிட்ட இது வேணும்னு கேட்டு வாங்கின மனுசன் இல்ல. இதுக்கு மட்டும் கெஞ்சினாவ. பழைய வண்டிக்கு வேண்டாம்னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்டே. நான் கேட்டேனா? ஞானையா, என்னால இல்லன்னு மட்டும் சொல்லுலே."

வண்டிக்கு அடியிலிருந்து பிள்ளையின் இரண்டு கண்கள் ஞானையாவைக் கெஞ்சின. சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவன் வாயைத் திறந்தான். அந்தம்மாள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த வாக்கியம் வர மறுத்துவிட்டது.

"ஒங்களால இல்லம்மா" என்றான். "சட்டி வாங்கும்போதே உடைஞ்சுதான் இருந்துச்சு. வேலைக்காக நான் மறைச்சுட்டேன். அந்தா விழுந்து கிடக்கு பாருங்க குங்கிலியம், அது நான் வச்ச அடைப்பு. நீங்க குடுத்த மருந்துல இஞ்சினு நல்லாத்தான் கழுவிச்சு. எல்லாரும் கேட்டாங்கல்லா, எப்படி ஓடிச்சுன்னு? தப்பு என்மேலதான்."

பிள்ளையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பிரம்மநாயகி அம்மாள் மூக்கைச் சிந்தினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு வண்டிக்கு அடியில் தெரிந்த இரண்டு பாதங்களை நோக்கிக் கேட்டாள்.

"மூணு பேரு நல்லதுன்னு சொன்னாங்கன்னியளே. இவன் ஒருத்தன். மத்த ரெண்டு பேரு யாரு?"

பாதங்கள் பைய உள்ளே இழுத்துக்கொண்டன.

"வெளிய வாங்க. நாளைக்கு விடியக்காலம் ஒங்களுக்கு இருக்கு மருந்து. பாதிப் பொய் ஒங்க வயித்துலதான் கிடக்கு." அவள் ஞானையா பக்கம் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒடைஞ்ச சட்டியிலயா மூணு வருசம் எங்களை ஏத்திட்டுப் போனே? இப்ப கோயில் முக்குல நின்னதைத் தவிர ஒருநாளாவது நடுவழியில விட்டிருக்கியா?"

"இல்லம்மா."

"நல்ல வண்டியா இருந்தா எவனும் ஓட்டுவான்" என்றாள் அவள், வக்கீலுக்கும் வைத்தியருக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி. "சாத்தான்குளத்துக்கு மாட்டு வண்டியில போவோம். இந்தச் சனியனைத் தூத்துக்குடிப் பட்டறைக்கு அனுப்பி ஒட்ட வைங்க. ஒட்டலைன்னா தூக்கி எறிங்க, வேற பாத்துக்கிடலாம். இவனை அனுப்பிராதீங்க. இனி மறைச்சே, தோலை உரிச்சுருவேன்லே. போ, போயிக் குளி. மோர் நாத்தம் தாங்கலை."

ஞானையா ஆற்றில் இறங்கித் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு, பாலம் கடந்து பாளையங்கோட்டைக்கு நடந்தான். உண்மையைச் சொல்லிவிட்டேன், இப்போது என்ன சொல்கிறாய் என்று கெசியாவிடம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் யோசித்துக்கொண்டே போனான். பள்ளிக்கூடத்து வாசலில் விசாரித்தால் அவள் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. கெசியா தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவள் முகம் வெளுத்துப் போய்விட்டது. "கப்பல் என்னைக்கு?"

"கப்பலும் இல்ல ஒன்னும் இல்ல. வேலை போவல. அம்மா இருக்கச் சொல்லிட்டாவ."

கெசியா அவனையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஞானையாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. யோசித்து வைத்திருந்த வசனமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"ஏளா, என்ன இது? நீ சொன்னபடிதான செஞ்சேன்?"

"விடியக்காலத்துல இருந்து முழங்கால்லயே நிக்கேன்" என்றாள் அவள் விக்கிக்கொண்டே. "ஒரே ஜெபம்."

"நான் உண்மையச் சொல்லணும்னுதான?"

கெசியா இல்லை என்று தலையசைத்தாள்.

"சொல்லிராதிங்கன்னு."